பூகம்பம் விழுங்கிய ஊர்களில் கல்லும் சர்க்கரையும்! சிசிலித் தீவில் ஒரு நாள் சுற்றுலா

1693-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை.

இத்தாலி நாட்டின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவில் பூமி குலுங்கியது. இரண்டு நாட்களுக்கு முன்பு, 9-ந்தேதியும், அங்கு ஒரு குலுக்கல் வந்திருந்தது. சுவர்கள் விரிசல் கண்டிருந்தன. "ஆபத்து போய்விட்டது" என்று எண்ணி வீட்டுக்குள் திரும்பியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் மறுபடி வெளியே வரவில்லை.

சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் நாசமாயின. கட்டானியா என்ற பெரிய நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் இறந்து போனார்கள். கடலும் பொங்கிக் கரையை அடித்தது.

அந்த இடிபாட்டில் இருந்து எழுந்த ஊர்களைப் பார்க்கத்தான் இன்று உலகின் நாலா திசைகளில் இருந்தும் மக்கள் போகிறார்கள். எட்டு ஊர்களை ஒன்றாகச் சேர்த்து, 2002-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த எட்டில் இரண்டு ஊர்கள் நோட்டோ, மோடிகா. இரண்டுக்கும் இடையே சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர். காலையில் நோட்டோவின் மாளிகைகளையும் மாதா கோவில்களையும் பார்த்து, மாலையில் மோடிகாவின் சாக்லெட்டை ருசித்து, இரவுக்குள் தங்குமிடம் திரும்பிவிடலாம். கண்ணுக்கும் நாவுக்கும் ஒரே நாளில் விருந்து!

ஆர்க்கிமிடீஸ் ஊரில் இருந்து...

இந்த ஒரு நாள் பயணத்துக்குப் புறப்பட வசதியான இடம் சிராகுசா. கிரேக்க விஞ்ஞானி ஆர்க்கிமிடீஸ் பிறந்த ஊர் அது. விமானத்தில் வருகிறவர்கள் கட்டானியாவில் இறங்கி, அங்கிருந்து சிராகுசாவுக்கோ நேராக நோட்டோவுக்கோ பஸ் பிடிக்கலாம். சிராகுசாவில் இருந்து நோட்டோ வழியாக மோடிகாவுக்கு ரெயில் பாதையும் உண்டு. ஆனால் ரெயில்கள் குறைவு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பயணிகள் முக்கியமாக ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சிசிலியில் மதிய நேரத்தில் பல கடைகளையும் கோவில்களையும் அடைத்துவிடுவார்கள். மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். ஆகவே காலையில் சீக்கிரம் கிளம்புவதே புத்திசாலித்தனம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கொளுத்தும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் சுகமானவை.

ஊரே இடம் மாறியது!

இன்று பயணிகள் பார்க்கும் நோட்டோ, 1693-க்கு முன்பு அந்த இடத்தில் இல்லை.

பழைய நோட்டோ அல்வேரியா என்ற மலை மேல் இருந்தது. மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு. கோட்டைக்கு ஏற்ற இடம். எதிரிகளுக்கு அஞ்சிக் கட்டிய அந்த ஊரை எதிரிகள் அழிக்கவில்லை. பூமியே அழித்துவிட்டது.

அப்போது சிசிலி, ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஊர்களைத் திரும்பக் கட்டும் பொறுப்பை ராஜப்பிரதிநிதி, காமாஸ்திரா பிரபுவான ஜூசெப்பே லான்சா என்பவரிடம் ஒப்படைத்தார். மலை மேல் மறுபடி கட்டவேண்டாம், கடலுக்குப் பக்கமாக உள்ள சரிவில் புதிய நகரம் எழட்டும் என்று முடிவானது.

ஊர் மக்கள் எல்லோரும் இதற்குச் சம்மதிக்கவில்லை. "பாட்டன் பூட்டன் புதைந்த மண்ணை விட்டு எப்படிப் போவது?" என்பது ஒரு சாராரின் வாதம். "செத்தவர்கள் போதும், இருக்கிறவர்களாவது பிழைக்கட்டும்" என்பது மறு சாராரின் வாதம். இந்தச் சச்சரவு பல ஆண்டுகள் நீடித்தது. கட்டுமான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வாக்குவாதமும் நடந்துகொண்டிருந்தது.

மராட்டிய மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது. 1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி லாத்தூர் பகுதியில் பூகம்பம் வந்தபோது, கில்லாரி முதலிய கிராமங்களை வேறு இடத்தில் அமைத்தார்கள். பழைய வாசலை விட்டுப் புதிய வாசலுக்குப் போவதன் வேதனை அங்கும் இருந்தது. நோட்டோ மக்கள் அதை 300 ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்தார்கள்.

பழைய நோட்டோவின் கோட்டைச் சுவரும் இடிபாடுகளும் இன்றும் மலை மேல் கிடக்கின்றன. செடி கொடி மூடிய அந்த இடத்தில் மனித நடமாட்டம் குறைவு.

தேன் நிற நகரம்

புதிய நோட்டோவுக்குள் நுழைகிறவர்களை வரவேற்பது "போர்ட்டா ரியாலே" என்ற ராஜவாசல். 1838-ம் ஆண்டு இரண்டாம் பெர்டினாண்டு மன்னரின் வருகைக்காக அமைத்தது. அதன் உச்சியில் ஒரு கோட்டைக் கோபுரம், ஒரு வேட்டை நாய், ஒரு கூழைக்கடா பறவை ஆகிய மூன்று சிற்பங்கள் இருக்கின்றன. கோபுரம் பலத்துக்கும், நாய் விசுவாசத்துக்கும், பறவை தியாகத்துக்கும் அடையாளம்.

வாசலைத் தாண்டினால் நேர்கோடு போன்ற பெரிய வீதி. இத்தாலியை ஒன்றாக்கிய மன்னர் விக்டர் இம்மானுவேலின் பெயர் அதற்கு. இரு பக்கமும் மாளிகைகள், கோவில்கள், அகலமான படிக்கட்டுகள். கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சதுக்கம். மறுபடி நடந்தால் இன்னொரு சதுக்கம்.

எல்லாக் கட்டிடங்களும் ஒரே நிறம். அந்தப் பகுதியில் கிடைக்கும் மென்மையான சுண்ணாம்புக்கல்லால் கட்டியவை அவை. காலையில் வெளிறிய மஞ்சளாக இருக்கும் கல், மாலை வெயில் பட்டதும் தேன் நிறமாக மாறுகிறது. பார்க்கிறவர்கள் பேச்சு மறந்து நின்றுவிடுகிறார்கள்.

மென்மையான கல் என்பதால் சிற்பிகளின் கைவரிசைக்கு எல்லை இல்லை. நிக்கொலாச்சி பிரபுவின் மாளிகையில் உள்ள மாடங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு மாடத்தையும் ஒவ்வொரு வகை உருவம் தோளில் தாங்குகிறது. ஒன்றில் சிங்கங்கள். இன்னொன்றில் குதிரைகள். மற்றொன்றில் குழந்தைகள். வேறொன்றில் கடல் கன்னிகள். நம் கோவில் மண்டபங்களில் யாளித் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த வேலைப்பாட்டின் அருமை உடனே புரியும்.

இந்த மாளிகை இருக்கும் சாய்வான தெருவில்தான் ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் மூன்றாம் ஞாயிறு அன்று பூத்திருவிழா நடக்கிறது. தெரு முழுவதும் பூவிதழ்களைக் கொண்டு கோலம் போடுகிறார்கள். 1980-ம் ஆண்டில் தொடங்கிய விழா இது. கண்கொள்ளாக் காட்சி!

நகரை வடிவமைத்த கட்டிடக் கலைஞர்களில் மூவர் பெயர் முக்கியமானது. ரொசாரியோ கலியார்டி, வின்சென்சோ சினாத்ரா, பாவ்லோ லபிசி. வளைவும் நெளிவும் கொண்ட பரோக் பாணிதான் மூவரும் கையாண்டது. கலியார்டியின் சாந்தோ டொமினிக்கோ கோவில் முகப்பு, காற்றில் புடைத்த பாய்மரம் போல முன்னே வளைந்து நிற்கிறது. கல்லை இப்படி வளைக்க முடியுமா என்ற வியப்பு எழுகிறது.

இரவில் விழுந்த கோபுரம்

ஊரின் நடுநாயகமாக, அகலமான படிகளின் உச்சியில் நிற்பது தூய நிக்கொலா பேராலயம். 1776-ம் ஆண்டு கட்டி முடித்த கோவில்.

1996-ம் ஆண்டு மார்ச் 13-ந்தேதி இரவு அந்தக் கோவிலில் இருந்து பெரும் சத்தம் கேட்டது. ஊர் மக்கள் ஓடிவந்து பார்த்தார்கள். புழுதி மண்டலம். கோவிலின் குவிமாடம் இல்லை! வலது பக்கத் தூண்களும் கூரையின் பெரும் பகுதியும் அதனுடன் விழுந்து கிடந்தன.

இரவு நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதே விபத்து ஞாயிறு காலைப் பூசையின்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

காரணம் என்ன? 1990-ம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பகுதியில் ஒரு பூகம்பம் வந்தது. அதில் கோவில் கலகலத்துப் போயிருந்தது. ஆனால் நோய் அதைவிடப் பழையது. நிபுணர்கள் தூண்களை ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. வெளியே பார்க்க அழகிய செதுக்குக்கல். உள்ளே உருண்டைக் கூழாங்கல்லும் வலுவில்லாத சாந்தும்! 18-ம் நூற்றாண்டில் செய்த குறை, 20-ம் நூற்றாண்டில் தலைமேல் விழுந்தது. பிற்காலத்தில் மரக் கூரையை மாற்றிக் கனமான கான்கிரீட் கூரை போட்டதும் சுமையைக் கூட்டிவிட்டது என்று கூறினார்கள்.

திரும்பக் கட்டும்போது ஒரு கேள்வி எழுந்தது. முழுவதும் கான்கிரீட்டில் கட்டிவிடலாமா? அல்லது பழைய முறையில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டே கட்டலாமா?

பழைய முறையே வென்றது. அந்த வட்டாரத்துக் கல்லையே வெட்டி எடுத்து, தூண்களை உள்ளும் புறமும் உறுதியாக எழுப்பினார்கள். விழாமல் நின்ற இடது பக்கத் தூண்களிலும் அதே குறை இருந்ததால் அவற்றையும் மாற்றினார்கள். பூகம்பத்தைத் தாங்கும் நவீன ஏற்பாடுகளையும் சேர்த்தார்கள்.

2007-ம் ஆண்டு ஜூன் மாதம் கோவில் மறுபடி திறந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து மணி ஒலித்தபோது ஊரே தெருவில் திரண்டது.

கோவிலுக்குள் நுழைகிறவர்கள் வெள்ளை வெளேரென்ற தூண்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பழையதைப் போலவே இருக்கும் இந்தத் தூண்கள் உண்மையில் புதியவை. உள்ளே கூழாங்கல் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பாதாம் பாலும் பனிக்கூழும்

படியேறி இறங்கிய களைப்புக்கு நோட்டோவில் நல்ல மருந்து உண்டு. அது "கிரானித்தா". பழச்சாற்றை அல்லது பாதாம் பாலைச் சர்க்கரை சேர்த்து, கிளறிக் கிளறி உறையவைத்த பனிக்கூழ். ஐஸ்கிரீமைப் போல வழுவழுப்பு இல்லை. சிறு சிறு பனித்துகள் நாக்கில் கரையும். மெத்தென்ற இனிப்பு ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். கோடைக்காலத்தில் சிசிலிக்காரர்களுக்குக் காலைச் சிற்றுண்டியே இதுதான்!

குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பு இதற்குப் பனி எங்கிருந்து வந்தது? எட்னா எரிமலையிலும் ஐபிளா மலைகளிலும் குளிர்காலத்தில் பெய்யும் பனியைக் குழிகளில் போட்டு மிதித்து, வைக்கோலால் மூடிவைத்தார்கள். கோடையில் வெட்டி எடுத்துக் கோவேறு கழுதைகள் மேல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் நெருப்பும் தோளில் பனியும் கொண்ட எரிமலையால் வந்த பாக்கியம் அது.

நோட்டோ, ஆவோலா வட்டாரத்துப் பாதாம் பருப்பு மிகவும் புகழ்பெற்றது. ஓடு கடினமானது, உள்ளே பருப்பு சிறியது, ஆனால் எண்ணெய்ச் சத்தும் வாசனையும் அதிகம். கலிபோர்னியாவில் இருந்து மலிவான பாதாம் வந்து குவிந்ததும் இந்த விவசாயிகள் திணறிப் போனார்கள். பல தோப்புகள் கவனிப்பாரற்றுப் போயின. உள்ளூர் மரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று மிட்டாய்க் கலைஞர்களே குரல் கொடுத்தார்கள். 1892-ம் ஆண்டு தொடங்கி, பெரிய வீதியில் இன்றும் நடக்கும் "காபே சிசிலியா" கடையின் கொர்ராதோ அசென்சா அவர்களில் ஒருவர். மரம் போனால் இனிப்பும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கன்னிமாடத்தில் பிறந்த பலகாரம்

சிசிலியின் இனிப்புகளில் பல, கன்னியாஸ்திரீகளின் மடங்களில் பிறந்தவை. உலகத் தொடர்பு இல்லாமல் மதிலுக்குள் வாழ்ந்த அந்தப் பெண்கள் பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துப் பழங்கள் போலவே உருட்டி வண்ணம் தீட்டினார்கள். பலேர்மோ நகரத்து மார்த்தொரானா மடத்தின் பெயரிலேயே இந்தப் "பழங்கள்" இன்றும் விற்கின்றன. எலுமிச்சை எது, இனிப்பு எது என்று கண்டுபிடிக்க முடியாது.

1866-ம் ஆண்டு இத்தாலி அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துக்களை எடுத்துக்கொண்டது. மடத்தின் கைப்பக்குவம் மெல்ல மெல்ல ஊர்க்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இனிப்பு எல்லாவற்றுக்கும் மூலமான கரும்பு சிசிலிக்கு வந்த கதை சுவையானது. 827-ம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் இருந்து அரபுப் படைகள் சிசிலியில் இறங்கின. அவர்கள் ஆட்சியில் கரும்பும் எலுமிச்சையும் அரிசியும் அங்கு வேரூன்றின. இந்தியாவின் "சர்க்கரா", அரபியில் "சுக்கர்" ஆகி, இத்தாலியில் "சுக்கெரோ" ஆனது. தமிழில் சர்க்கரை என்று சொல்கிறவர்களுக்கு அந்தச் சொல் தூரத்து உறவு!

இன்னொரு உறவும் உண்டு. எள்ளையும் தேனையும் காய்ச்சிக் கட்டியாக்கி வெட்டும் ஒரு மிட்டாயைச் சிசிலியில் "ஜுஜ்ஜுலேனா" என்கிறார்கள். பார்ப்பதற்கு லோனாவ்லா எள் சிக்கியின் அண்ணன் தம்பி. அரபியில் எள்ளுக்கு "ஜுல்ஜுலான்" என்று பெயர். சென்னையில் வெள்ளைக்காரர்கள் நல்லெண்ணெயை "ஜிஞ்சிலி" என்று அழைத்தார்களே, அதுவும் அதே சொல்லில் இருந்து வந்ததுதான்.

ஆற்றின் மேல் கடைவீதி

மதியத்துக்குள் நோட்டோவில் இருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மோடிகா.

நோட்டோ சரிவில் விரிந்த நகரம் என்றால், மோடிகா பள்ளத்தாக்கில் அடுக்கிய நகரம். மலையின் இரு பக்கமும் வீட்டுக்கு மேல் வீடு. மேல் மோடிகா, கீழ் மோடிகா என்று இரண்டு பகுதி. இந்த ஊர் பூகம்பத்துக்குப் பின் இடம் மாறவில்லை. விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றது.

கீழ் மோடிகாவின் பெரிய கடைவீதியில் நடக்கிறவர்களுக்கு, அதன் அடியில் ஆறு ஓடுகிறது என்பது தெரியாது. முன்பு இந்த ஊரின் நடுவே மலையாறுகள் ஓடின. குறுக்கே பல பாலங்கள். "தெற்கத்தி வெனிஸ்" என்று பெயர் பெற்றிருந்தது. 1902-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி பேய்மழை பெய்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதன் பிறகு ஆறுகளை மூடி மேலே சாலை போட்டுவிட்டார்கள்.

பூகம்பம் ஒருமுறை, வெள்ளம் ஒருமுறை என்று இரண்டையும் பார்த்த ஊர் இது.

மோடிகாவின் பெருமை தூய ஜார்ஜ் பேராலயம். சுமார் 250 படிகள் ஏறவேண்டும்! வளைந்து வளைந்து ஏறும் படிகளின் நடுவே தோட்டங்கள். ஏறியவர்கள் மூச்சு வாங்க நிமிர்ந்தால், முகப்பே கோபுரமாகி வானத்தை நோக்கி எழுகிறது. கோவிலின் உள்ளே தரையில் ஒரு கோடு. 1895-ம் ஆண்டு அர்மாந்தோ பெரினி என்ற கணித அறிஞர் அமைத்த சூரியக் கடிகாரம் அது. மேலே உள்ள சிறு துளை வழியாக வரும் சூரிய ஒளி நண்பகலில் அந்தக் கோட்டைத் தொடுகிறது.

கீழே தூய பேதுரு கோவில். அதன் படிகளில் ஏசுநாதரின் 12 சீடர்களும் சிலைகளாக வரிசையில் நிற்கிறார்கள். "எங்கள் கோவில்தான் பெரியது" என்று ஜார்ஜ் கட்சிக்கும் பேதுரு கட்சிக்கும் நெடுங்காலம் போட்டி நடந்தது. நம் ஊரில் வடகலை, தென்கலை வழக்கு நடக்கவில்லையா? அதைப் போலத்தான்!

1959-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் சல்வத்தோரே குவாசிமோதோ இந்த ஊரில் 1901-ம் ஆண்டு பிறந்தவர். ரெயில்வே ஊழியரின் மகன். 1908-ம் ஆண்டு டிசம்பரில் மெசினா நகரைப் பூகம்பம் தரைமட்டம் ஆக்கியபோது, தந்தைக்கு அங்கு வேலை மாற்றம் வந்தது. வீடு இல்லாததால் ஏழு வயதுச் சிறுவன், சரக்கு ரெயில் பெட்டியில் குடும்பத்தோடு குடியிருந்தான். அவர் பிறந்த வீட்டை இன்று பயணிகள் பார்க்கலாம்.

அம்மியில் அரைத்த சாக்லெட்

மோடிகாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாக்லெட்டுக்காகவே வருகிறார்கள்.

இந்தச் சாக்லெட்டை வாயில் போட்டவர்கள் முதலில் திகைக்கிறார்கள். வழக்கமான சாக்லெட்டைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. நறநறவென்று சர்க்கரை கடிபடும். "சரியாக அரைக்கவில்லையோ?" என்று சந்தேகம் வரும். அடுத்த துண்டில் சந்தேகம் தீர்ந்துவிடும். கோகோவின் கசப்பு தனியாக, சர்க்கரையின் இனிப்பு தனியாக, பட்டையின் மணம் தனியாகத் தெரிகிறது.

ரகசியம் சூட்டில் இருக்கிறது. வறுத்து அரைத்த கோகோ விழுதை லேசாக இளக்கி, சர்க்கரையும் பட்டை அல்லது வனிலாவும் சேர்த்துக் கலக்குகிறார்கள். சுமார் 40 டிகிரி சூடுதான். 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. கூடுதலாகக் கோகோ வெண்ணெய் சேர்ப்பது இல்லை. மணிக்கணக்கில் கடைந்து மழுமழுப்பு ஆக்குவதும் இல்லை. ஆகவே சர்க்கரை மணி மணியாகவே தங்கிவிடுகிறது. விழுதைத் தகர அச்சுகளில் போட்டு, தட்டைத் தடதடவென்று தட்டி மட்டம் செய்கிறார்கள்.

முற்காலத்தில் இதற்கு இயந்திரம் கிடையாது. வளைந்த கருங்கல். அதன் மேல் உருட்ட ஒரு குழவி. கல்லுக்கு அடியில் கொஞ்சம் கனல். அம்மியைத் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவை இல்லை. சாக்லெட் அரைப்பவர்கள் இந்தக் கல்லைச் சுமந்துகொண்டு பணக்காரர்களின் வீடு வீடாகப் போய் அரைத்துக் கொடுத்த காலமும் இருந்தது.

இந்தக் கல் மெக்சிகோ நாட்டின் ஆதிக்குடிகளுடையது. அவர்களை வென்ற ஸ்பானியர்கள் கோகோவையும் கல்லையும் முறையையும் எடுத்து வந்தார்கள். மோடிகா அப்போது ஸ்பெயினுடன் நெருங்கிய உறவு கொண்ட ஒரு சீமை. ஆகவே அந்த வழியில் இது வந்தது என்கிறார்கள். 1746-ம் ஆண்டிலேயே இங்கு சாக்லெட் தயாரித்ததற்குப் பழைய கணக்கு ஏடுகளில் ஆதாரம் இருக்கிறது.

1879-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரொடால்ப் லிண்ட் என்பவர் சாக்லெட்டைக் கடைந்து மழுமழுப்பு ஆக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1880-ல், மோடிகாவில் "பொனாயூதோ" என்ற கடை பழைய முறையிலேயே வியாபாரம் தொடங்கியது. அந்தக் கடை இன்றும் நடக்கிறது!

பெரிய ஆலைகள் இந்த மூலைக்கு வரவில்லை. வசதி குறைந்த ஊர் என்பதே வரப்பிரசாதம் ஆயிற்று. வீட்டிலும் சிறு கடைகளிலும் பழைய கைப்பக்குவம் அழியாமல் நின்றது.

பின்னர் புகழ் பரவியதும் புதிய ஆபத்து வந்தது. "மோடிகா" என்ற பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டி விற்கலாம் என்ற நிலை. உள்ளூர் தயாரிப்பாளர்கள் ஒன்று கூடிப் பல ஆண்டுகள் முயன்றார்கள். 2018-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், மோடிகா சாக்லெட்டுக்குப் புவிசார் முத்திரை வழங்கியது. ஐரோப்பாவில் ஒரு சாக்லெட்டுக்கு இந்த முத்திரை கிடைத்தது இதுவே முதல் தடவை. திண்டுக்கல் பூட்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் நம் நாட்டில் கிடைத்த குறியீட்டைப் போன்றது இது.

சைவர்கள் கவனிக்க!

மோடிகாவில் இன்னொரு விசித்திரமான பலகாரம் உண்டு. பெயர் "ம்பனத்திக்கி". நம் சோமாசியைப் போன்ற பிறை வடிவம். கடித்தால் பாதாம், சாக்லெட், பட்டை, கிராம்பு எல்லாம் மணக்கும். ஆனால் உள்ளே நைசாக அரைத்த மாட்டிறைச்சியும் இருக்கிறது!

தவக்காலத்தில் இறைச்சி கூடாது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் சாமியார்கள் களைத்துப் போகிறார்களே என்று இரக்கப்பட்ட கன்னியாஸ்திரீகள், இறைச்சியைச் சாக்லெட்டில் ஒளித்துக் கொடுத்தார்கள் என்பது செவிவழிக் கதை.

ஆகவே சைவ உணவுக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது. பாலாடைக்கட்டி நிறைத்த "கன்னோலி" குழலின் ஓட்டில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பட்டை மணக்கும் சாதாரண மோடிகா சாக்லெட், எள் மிட்டாய், பாதாம் கிரானித்தா ஆகியவற்றில் இந்தக் கவலை இல்லை.

அங்கும் தமிழ்க்குரல்

சிசிலியில் தமிழ்க்குரல் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். தீவின் மறுகோடியில் உள்ள தலைநகர் பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். போரின் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அவற்றில் பல. அந்த நகரின் காவல் தெய்வமான தூய ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கு, கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லாமல் இந்துத் தமிழர்களும் ஏறிப்போய் வணங்குகிறார்கள்.

ஊரை இழந்து வேறு ஊரில் வாழ்வது என்ன என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. நோட்டோக்காரர்களின் முன்னோருக்கும் அது தெரிந்திருந்தது.

மாலை மங்கும் நேரத்தில் மோடிகாவின் பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். மலை முழுவதும் கார்த்திகை தீபம் ஏற்றியது போல இருக்கும். கையில் சாக்லெட் பொட்டலத்துடன் பஸ்சுக்குக் காத்திருக்கும் பயணிகள் அதைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

அந்த மலைகளுக்கு அடியில் பூமி இன்னும் அமைதி அடைந்துவிடவில்லை. மறுபடி அது குலுங்கலாம். அது அந்த ஊர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கல்லைச் செதுக்குகிறவர் செதுக்குகிறார். கோகோவை அரைக்கிறவர் அரைக்கிறார். இந்த முறை மட்டும், தூண்களுக்குள் என்ன போகிறது என்பதை உற்றுப் பார்த்துக்கொள்கிறார்கள்.